நூற்றுக்கு நூறு வாங்கிய வாத்தியார்

மூன்று மாதத்துக்கு என்று சொல்லித்தான் அக்கா தன் தம்பியை அந்தப் பராமரிப்பு நிலையத்தில் விட்டிருந்தாள். குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பில் கம்பி வைத்துக்கொண்டு படுத்துவிட்டவளுக்கு வேறு வழியில்லை. சொன்னபடியே மூன்றாம் மாதம் முடிந்த மறுநாள், கைத்தடியை ஊன்றிக்கொண்டு, தம்பியின் செருப்பை ஒரு பையில் போட்டுக்கொண்டு, அவனைக் கூட்டிப்போக வந்து நின்றாள். அவள் செய்த பிழை அது ஒன்றுதான். விட்டுவிட்டுப் போனவர்கள் சொன்ன தேதியில் திரும்பி வந்த சம்பவம் நிலையத்தின் வரலாற்றில் அதுவரை கிடையாது.

வரவேற்பு மேசைப் பெண் பதிவேட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். 'பார்க்க வந்தவர்', 'பழம் கொடுக்க வந்தவர்', 'புகார் சொல்ல வந்தவர்' என்று மூன்று பத்திகள் இருந்தன. 'கூட்டிப்போக வந்தவர்' என்று ஒன்று இல்லை.

"பழம் ஏதாவது வெச்சிருக்கீங்களாம்மா?"

"செருப்புதான் இருக்கு."

"அப்ப பார்க்கன்னே போட்டுக்கறேன். உள்ள போங்க."

அக்கா பஸ் டிப்போவில் முப்பத்துநாலு வருஷம் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை மணிக்குத் திரும்பியது என்று எழுதுவது வேலை. தம்பிக்கு உடம்புக்குத்தான் ஐம்பத்திரண்டு வயது. மனசு ஏழு வயதிலேயே ஸ்டாப்பிங் பார்த்து இறங்கிவிட்டது. வீட்டில் தனியாக விட முடியாது என்று தினமும் அவனையும் டிப்போவுக்குக் கூட்டிப்போய்ப் பக்கத்து ஸ்டூலில் உட்காரவைத்தாள். அங்கே அவன் கற்றுக்கொண்ட ஒரே வித்தை ஹாரன். கதவோ, முடுக்கோ, மாடிப்படி வளைவோ, எங்கே திரும்பினாலும் அதற்கு முன் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து "பாஆஆம்" என்று ஒரு சத்தம். எதிரே வருகிறவர் இடித்துக்கொள்ளக் கூடாது அல்லவா? டிரைவர்கள் அவனுக்கு ஹாரன் என்றே பேர் வைத்தார்கள். அவன் அடித்த ஹாரனுக்குப் பயந்து டிப்போ மேலாளர் ஒருமுறை கையில் டீ கிளாஸோடு மேசைமேல் ஏறி நின்றிருக்கிறார்.

பதினான்காம் அறை நெருங்கும்போதே அந்தச் சத்தம் கேட்டது. அக்காவின் பாதி வலி அங்கேயே போய்விட்டது.

"அக்கா! டிரிப் முடிஞ்சுதா?" என்று ஓடிவந்தவன், சட்டென்று வாயில் விரலை வைத்தான். "மெதுவா பேசு. வாத்தியார் சாப்பிடறாரு."

அறையில் இரண்டு கட்டில்கள். ஒன்று தம்பியுடையது. ஜன்னல் பக்கத்துக் கட்டிலில் யாரும் இல்லை. விரிப்பு இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. வார்டைப் பார்த்துக்கொள்ளும் ஆயாம்மா அந்தக் கட்டிலுக்கு எதிரே பூசணிக்காய் சூப்பையும் ரொட்டியையும் வைத்து, தலையணைக்குக் கீழே ஒரு துணியைச் செருகி, "சூடா இருக்கு வாத்தியாரே, ஊதிக் குடிங்க" என்றாள். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருபது நிமிஷம் நின்றாள். தட்டை எடுத்தாள். தாளில் எழுதினாள்: உணவை மறுக்கவில்லை. துப்பவில்லை.

அக்கா மெல்லக் கேட்டாள். "யாருக்கும்மா சாப்பாடு?"

"பூகோள வாத்தியாருக்கு."

"எங்க அவரு?"

"காலமாயிட்டாரு. பதினோரு மாசம் ஆச்சு."

"பின்ன இது?"

"கேஸ் முடியலையே," என்றாள் ஆயாம்மா, மழை இன்னும் விடவில்லையே என்பதுபோல. தலையணையைத் தட்டிச் சரிசெய்துகொண்டே குரலைத் தாழ்த்தினாள். "இதைத் தினம் நான்தான் தட்டி வைக்கிறேன். மறுநாள் வந்து பார்த்தா தலை வெச்ச மாதிரி பள்ளம். நான் எழுதறதில்ல. எழுதினா அதுக்கு ஒரு தனிப் படிவம் இருக்கு."

அக்கா அந்தத் தலையணையைப் பார்த்தாள். இப்போதுதான் தட்டியது. நடுவில் லேசாகக் குழிந்திருந்தது.

தம்பியின் கேஸ் மேனேஜர் நல்ல பெண். அதுதான் பெரிய தொல்லை. கோபித்துக்கொள்ளவே முடியாது. எதைச் சொன்னாலும் தலையைக் கொஞ்சம் சாய்த்து, கண்ணில் ஈரத்தோடு கேட்பாள். கேட்டு முடித்ததும் பச்சை அட்டைக் கோப்பைத் திறப்பாள்.

"உங்க உணர்வு எனக்குப் புரியுதும்மா. ஆனா கேஸ் திறந்தாச்சே."

"நான் கேஸ் எதுவும் போடலையேம்மா. தம்பியத்தான் விட்டுட்டுப் போனேன்."

"தம்பி வந்தா கூடவே கேஸும் வரும். தம்பி போகணும்னா முதல்ல கேஸ் போகணும்."

"அது எப்ப போகும்?"

"இலக்கெல்லாம் எட்டினதும்." கோப்பின் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். "இப்ப இவர் ஒரு நாளைக்கு நாற்பத்தொரு தடவை ஹாரன் அடிக்கறாரு. அது மூணுக்குள்ள வரணும். தட்டுல மிச்சம் வைக்கக் கூடாது. அக்கா எப்ப வருவான்னு கேக்கறதை நிறுத்தணும்."

"அதான் நான் வந்துட்டேனே!"

"நீங்க வந்தது ரொம்ப சந்தோஷம்மா. ஆனா நீங்க வர்றது இலக்குல இல்ல. அவர் கேக்காம இருக்கறதுதான் இலக்கு."

"கேக்கறதை நிறுத்திட்டா?"

"வீட்டுக்குப் போகத் தயாராயிட்டாருன்னு அர்த்தம்."

"வீட்டு நெனப்பே இல்லாதவனை எதுக்கும்மா வீட்டுக்கு அனுப்பணும்?"

கேஸ் மேனேஜர் தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு எழுதினாள்: குடும்பத்தாரிடம் பதற்றம் தென்படுகிறது. அன்று மாலைக்குள் அக்காவின் பேரிலும் மெல்லிசாக ஒரு கேஸ் திறக்கப்பட்டது.

ஒரு கேஸை மூட அந்த நிலையத்தில் மூன்றே வழிகள்தான் இருந்தன. மூடல் படிவத்தில் மூன்று கட்டங்கள்: 'வேறு நிலையத்துக்கு மாற்றம்', 'குடும்பத்திடம் ஒப்படைப்பு', 'சுயமாக வாழத் தொடங்கினார்'. நான்காவதாக ஒரு கட்டம் முன்பு இருந்ததாம். படிக்கிறவர்களுக்கு மனச்சோர்வு உண்டாகிறது என்று ஒரு குழு கூடி அதை எடுத்துவிட்டது. எந்தக் கட்டத்தில் குறியிட்டாலும் கீழே இல்லவாசியின் கையெழுத்து வேண்டும். வாத்தியாரால் அதைப் போட்டுத் தர முடியவில்லை. ஆகவே தொடர்ந்து பராமரிக்கப்பட்டார்.

சீராய்வுக் கூட்டத்துக்கு அக்காவும் அழைக்கப்பட்டாள். நீளமான மேசையைச் சுற்றிப் பதினோரு பேர். தம்பிக்கு அழைப்பு இல்லை. தன்னைப் பற்றிப் பேசுவதைக் கேட்டால் ஹாரன் கூடும் என்று கோப்பில் இருந்தது. வாத்தியாருக்கு அழைப்பு இருந்தது. அவர் பெயர் அட்டைக்குப் பின்னால் ஒரு நாற்காலி, முன்னால் ஒரு தண்ணீர் தம்ளர்.

நிலைய இயக்குநர் எழுந்து நின்றார். "முதல்ல நம்ம வாத்தியார். சார், உங்க பராமரிப்புத் திட்டத்துல உங்களுக்கு ஏதாவது ஆட்சேபணை இருக்கா?"

விதிப்படி அறுபது விநாடி காத்திருந்தார்கள். சுவர்க் கடிகாரம் மட்டும் நடந்தது.

"மௌனம் காத்தார். சம்மதம் எனப் பதிவு," என்று கேஸ் மேனேஜர் எழுதினாள்.

இயக்குநருக்குக் குரல் தழுதழுத்தது. "பெருமையா சொல்றேன். பதினோரு மாசத்துல இவர் ஒரு தடவை கீழ விழல. ஒரு தடவை கத்தல. மாத்திரை பூஜ்யம். முதுகுல படுக்கைப் புண் இருந்தது, இருந்த இடம் தெரியல. வீட்டுக்குப் போகணும்னு ஒரு நாள், ஒரே ஒரு நாள், கேட்டிருப்பாரா? நூற்றுக்கு நூறு! இது அவரோட சாதனை மட்டும் இல்ல. நம்ம பராமரிப்போட சாதனை."

பதினோரு பேரும் கைதட்டினார்கள். அக்கா கைத்தடியை ஊன்றி எழுந்தாள்.

"ஐயா, அவர் செத்துப்போயிட்டாருங்க."

கைதட்டல் நின்றது. சிலர் குனிந்துகொண்டார்கள், யாரோ கெட்ட வார்த்தை பேசிவிட்டதுபோல.

இயக்குநர் கருணையோடு சிரித்தார். "அம்மா, இங்க நாங்க யாரையும் அப்படி முத்திரை குத்தறதில்ல. செத்தவர்ங்கறது அவரோட ஒரு நிலை. அது மட்டுமே அவர் இல்ல. நாங்க நிலையைப் பார்க்கறதில்ல, மனுஷனைப் பார்க்கறோம்."

"அவரைப் புதைச்சாச்சா இல்லையாங்க?"

"அது மருத்துவப் பிரிவு சமாசாரம். உடம்பு அவங்களோடது. கேஸ் எங்களோடது."

எல்லோரும் ஒரே சமயத்தில் அந்த நாற்காலியை அன்போடு பார்த்தார்கள். அக்காவும் பார்த்தாள். நாற்காலி காலியாகத்தான் இருந்தது. தம்ளரில் மட்டும் தண்ணீர் ஒரு மிடறு குறைந்திருந்த மாதிரி தோன்றியது. வெயில் காலம், ஆவியாகியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது வெயில் காலம் இல்லை.

தம்பியின் முறை அரை நிமிஷத்தில் முடிந்தது. 'முன்மாதிரி அறைத் தோழர் திட்டம்' என்று ஒன்றை இயக்குநர் அங்கேயே அறிவித்தார். தினமும் காலையில் நான்கு மணி நேரம் தம்பி வாத்தியாரின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவரிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டும்.

"என்ன கத்துக்கணும்?" என்று அக்கா கேட்டாள்.

"அமைதி," என்றார் இயக்குநர்.

வெளியே வந்ததும் ஆயாம்மாதான் விவரம் சொன்னாள். நிலையத்தில் நாற்பது கட்டில். அதில் பத்தொன்பது பேர் வாத்தியாரைப் போலக் கேஸ் மூடப்படாமல் சௌக்கியமாக இருக்கிறார்கள். இல்லவாசிகள் சங்கத்தின் தலைவர் அவர்களில் ஒருவர், ஏகமனதாகத் தேர்வானவர். காலை உடற்பயிற்சி வகுப்பில் வட்டமாகப் போட்ட நாற்காலிகளைப் பார்த்துப் பயிற்சியாளர், "யாரும் மூச்சைப் பிடிச்சு வெச்சுக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே கையைத் தூக்கி இறக்குவார். போன வருஷம் ஆய்வுக்கு வந்த குழு இவ்வளவு அமைதியான நிலையத்தைத் தாங்கள் கண்டதே இல்லை என்று பித்தளைத் தகடு கொடுத்துவிட்டுப் போனது. உயிரோடிருக்கும் இருபத்தொரு பேரால்தான் சராசரி மதிப்பெண் அடிவாங்குகிறது என்பது இயக்குநரின் மனக்குறை.

ஒவ்வொரு புதன்கிழமையும் மூன்று மணிக்கு அக்கா வந்தாள். தம்பியின் ஹாரன் கணக்கு நாற்பத்தொன்றிலிருந்து முப்பத்து மூன்றாயிற்று. பிறகு இருபது. பிறகு ஒன்பது. ஏழாவது புதன்கிழமை நடைவழியின் திருப்பத்தில் அவனுக்காகக் காத்து நின்றாள். தம்பி சுவரைத் தடவிக்கொண்டே வந்தான். திருப்பத்துக்கு முன்னால் நின்றான். மூச்சை இழுத்தான், நெஞ்சு எப்போதும்போல உப்பியது. அக்காவும் தன்னையறியாமல் மூச்சை இழுத்தாள். அவன் அந்த மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக, சத்தமில்லாமல் வெளியே விட்டுவிட்டுத் திரும்பினான்.

"ஏண்டா, ஹாரன் அடிக்கல?"

"அடிச்சா எழுதுவாங்க." அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "வாத்தியார் சொல்லிக் குடுத்திருக்காரு. மூச்சை உள்ளயே வெச்சுக்கிட்டா வலிக்காதாம். கொஞ்ச நாள் ஆனா பழகிடுமாம்."

"எந்த வாத்தியார்டா? அங்க யாரு இருக்கா?"

"பாவம் அக்கா அவரு. அவருக்கும் வெளிய போகணும். யாரும் வரல."

அறைக்குப் போனதும் மல்லாந்து படுத்து, இரண்டு கையையும் மார்பின்மேல் வைத்துக்கொண்டு, கூரையைப் பார்த்தான். ஏழு வயதுக் குழந்தை அப்படிப் படுக்காது.

கேஸ் மேனேஜர் நடைவழியிலேயே ஓடிவந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, சந்தோஷமான சேதி! உங்க தம்பி எழுபத்தெட்டு மார்க்! இன்னும் இருபத்திரண்டுதான் பாக்கி."

அந்த இருபத்திரண்டு எதுவென்று அக்காவுக்குப் புரிந்தது. இழுத்து வெளியே விடுகிறானே, அந்த மூச்சு.

"வாத்தியாரைப் பாருங்க," என்று கேஸ் மேனேஜர் பெருமூச்சு விட்டாள். "எல்லா இலக்கும் முடிச்சுட்டாரு. நாளைக்கே வெளிய அனுப்பலாம். கூட்டிட்டுப் போகத்தான் ஒருத்தரும் இல்ல. அவர் கேஸை நினைச்சா எனக்குச் சாப்பாடு இறங்கறதில்லம்மா."

டிப்போவில் ஒரு வழக்கம் உண்டு. கிளம்ப உத்தரவு வாங்கிய வண்டி பழுதாகிவிட்டால், அந்த உத்தரவுச் சீட்டிலேயே வேறொரு வண்டியை அனுப்பிவிடுவார்கள். சீட்டு சரியாக இருந்தால் கேட்டில் நிற்பவன் வண்டியைப் பார்க்க மாட்டான். அப்படி எத்தனை வண்டிகளுக்கு அக்காவே நேரம் எழுதியிருக்கிறாள்!

"நான் கூட்டிட்டுப் போறேன்," என்றாள்.

"யாரை?"

"வாத்தியாரை."

கேஸ் மேனேஜர் அழுதே விட்டாள். இப்படிப்பட்ட மனுஷர்களும் இருக்கிறார்களே என்று. உறவு என்ற இடத்தில் 'தூரத்துச் சொந்தம்' என்று எழுதினாள். எவ்வளவு தூரம் என்று படிவம் கேட்கவில்லை.

அடுத்த புதன்கிழமை ஆயாம்மா தம்பியைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, வாத்தியாரின் பழுப்பு ஸ்வெட்டரை மாட்டி, வாத்தியாரின் எண் போட்ட பட்டையை மணிக்கட்டில் கட்டினாள்.

"மாட்டிக்கிட்டா உன் வேலை போயிடுமே," என்றாள் அக்கா.

"போகட்டும். தினம் பத்தொன்பது பேருக்கு இருபது இருபது நிமிஷம் நின்னு சாப்பாடு போடறேன். உயிரோட இருக்கறவங்க சூப்பு ஆறிப்போகுது."

முடிவு நேர்காணல் வாசலுக்குப் பக்கத்து அறையில் நடந்தது. கேஸ் மேனேஜர் கோப்பைப் பார்த்தாள், பட்டையைப் பார்த்தாள், மறுபடி கோப்பைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கச் சொல்லிப் படிவத்தில் எங்கும் இல்லை.

"சார், நிலையத்தை விட்டுப் போறதுல உங்களுக்கு ஏதாவது ஆட்சேபணை இருக்கா?"

அறுபது விநாடி. அக்கா கைத்தடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவன் 'அக்கா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் முடிந்தது. அவன் சொல்லவில்லை. இமைகூட அசையவில்லை. அவன் அவ்வளவு நன்றாகக் கற்றுக்கொண்டிருந்தது, மாட்டிக்கொள்வதைவிட அவளைப் பயமுறுத்தியது.

"மௌனம். சம்மதம். இங்க ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க சார்."

இந்த இடத்தை அக்கா யோசித்து வைத்திருந்தாள். தம்பிக்குப் பேனா பிடிக்கத் தெரியாது. கட்டைவிரல் ரேகை வைக்கலாமா என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் அவன் பேனாவை வாங்கினான். அதன் மூடியைப் பின்புறம் செருகினான். தாளை லேசாகச் சாய்த்து வைத்துக்கொண்டு, கரும்பலகையில் எழுதியே பழகிய கைபோல, சாவகாசமாக ஒரு கையெழுத்துப் போட்டு, கீழே இரட்டைக் கோடு இழுத்து, புள்ளி வைத்தான்.

கேஸ் மேனேஜர் பழைய கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். "அப்படியே இருக்கு சார்! கை கொஞ்சம்கூட நடுங்கல."

அக்கா சக்கர நாற்காலியை வாசல் பக்கம் திருப்பினாள்.

வீட்டுக்கு வந்த பிறகு அவர் யாருக்கும் எந்தத் தொந்தரவும் கொடுக்கவில்லை. 'அவர்' என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. விடிந்ததும் போர்வையை நான்காக மடித்தார். செய்தித்தாளில் உலகப் படம் போட்ட பக்கத்தை மட்டும் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். கதவுத் திருப்பங்களில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சத்தமில்லாமல் திரும்பினார். நான்காம் நாள் அக்கா சாப்பாட்டுத் தட்டை வைத்தபோது, "உங்களுக்கு எதுக்கும்மா வீண் சிரமம்" என்றார். தம்பியின் வாய், தம்பியின் பல். அவன் பிறந்ததிலிருந்து அவளை நீங்கள் என்று சொன்னதில்லை.

அக்கா அடுப்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். தான் யாரைக் கூட்டிவந்திருக்கிறோம், யாரை விட்டுவிட்டு வந்திருக்கிறோம் என்று அவளுக்கு அப்போது சந்தேகமே இருக்கவில்லை. உத்தரவுச் சீட்டில் யார் பேர் இருந்ததோ, அவர் வந்து சேர்ந்துவிட்டார்.

ஒரு மாதம் கழித்துக் கேஸ் மேனேஜர் தொடர் கண்காணிப்புக்கு வீட்டுக்கு வந்தாள். "எப்படி இருக்கீங்க சார்?" என்று கேட்டாள். அவர் தலையசைத்தார். நூற்றுக்கு நூறு எழுதினாள். பிறகு முகம் வாடிப்போய் அக்காவிடம் திரும்பினாள்.

"உங்க தம்பி கேஸ்தாம்மா கவலையா இருக்கு. எழுபத்தெட்டுல இருந்தவரு, வாத்தியார் கிளம்பின அன்னிக்கே சரிஞ்சுட்டாரு. ஹாரன் அறுபதைத் தாண்டிடுச்சு. தட்டைத் தள்ளிவிடறாரு. அக்கா எப்ப வருவான்னு ஓயாம கேக்கறாராம். நீங்க ஏன்மா ஒரு மாசமா அந்தப் பக்கமே வரல?"

அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தாள். "நீங்க... ஆளைப் பார்த்தீங்களா?"

"கோப்பைப் பார்த்தேம்மா."

ஜன்னலருகே இருந்தவர் செய்தித்தாளை மெல்ல மடித்தார்.

புதன்கிழமை மூன்று மணிக்கு அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு நிலையத்துக்குப் போனாள். அந்தக் கை ஒரு மாதமாகவே அப்படித்தான். பிடித்தால் பிடித்த இடத்தில் கிடக்கும், காகிதம் மாதிரி. வரவேற்பு மேசையில் 'பார்க்க வந்தவர்: இருவர்' என்று எழுதிக்கொண்டார்கள்.

ஆயாம்மா பதினான்காம் அறைக்கு வெளியிலேயே நின்றிருந்தாள். உள்ளே போகவில்லை.

"கேக்குதா உனக்கு?" என்றாள் அக்கா.

"கேக்குது. நடைவழில, கதவுகிட்ட, அதோ அந்தத் திருப்பத்துல. ஆளைக் காணோம். சத்தம் வந்ததும் நான் ஒதுங்கி வழி விட்டுடறேன். இடிச்சுக்கக் கூடாதுல்ல?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எழுத வேண்டாம்னுதான் பார்த்தேன். ஆனா எழுதலைன்னா புள்ள இங்க இருக்கறதே யாருக்கும் தெரியாம போயிடுமேன்னு எழுதிட்டேன்."

உள்ளே தம்பியின் கட்டிலில் விரிப்பு சுருண்டு கிடந்தது. தலையணை தரையில். சுவரில் பூசணிக்காய் சூப் தெறித்து வழிந்து காய்ந்திருந்தது. கூட வந்தவர் பழக்கம் மாறாமல் ஜன்னல் பக்கத்துக் கட்டிலில் போய் உட்கார்ந்தார். அக்கா தலையணையை எடுத்துத் தட்டி வைத்து, காலியான கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"தம்பி, நான் வந்துட்டேண்டா."

சுருண்டு கிடந்த விரிப்பைக் கையால் நீவிவிட்டாள்.

"வரலைன்னு கோபமா? உன்னத்தான் கூட்டிட்டுப் போறேன்னு நெனச்சேன். பார்க்காம போயிட்டேன். அவங்க மாதிரி நானும் சீட்டைத்தான் பார்த்தேன்."

அறுபது விநாடிகள் ஆயின. அக்கா அதோடு எழுந்துவிடவில்லை. எதையும் எதுவென்றும் பதிவு செய்யவில்லை. பார்வை நேரம் முழுக்க அங்கேயே உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டதைச் சொன்னாள். டிப்போவில் புது வண்டி வந்திருப்பதைச் சொன்னாள், அதன் ஹாரன் ஆட்டுக்குட்டி கத்துவதுபோல இருக்கிறது என்று சொன்னாள். எதிர்க் கட்டிலில் இருந்தவர் ஒரு நல்ல விருந்தாளியைப் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

மணி அடித்தது. அக்கா எழுந்தாள். முப்பத்துநாலு வருஷம் டிப்போவில் பேசிய குரலில், "டைம் ஆச்சு, வண்டி கிளம்பலாம்!" என்றாள். ஜன்னல் பக்கத்துக் கட்டிலில் இருந்தவரின் கையைப் பிடித்து எழுப்பினாள்.

அந்தக் கை அவள் கையை இறுக்கிப் பிடித்தது. பிசுபிசுவென்று வியர்த்திருந்தது. அக்கா முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது. பார்த்து, தம்பி இல்லை என்று ஆகிவிட்டால்? நேரே நடந்தாள். வரவேற்பு மேசையைத் தாண்டினாள். யாரும் எதுவும் கேட்கவில்லை; பார்க்க வந்தவர்கள் போகிறார்கள்.

அன்று மாலையிலிருந்து பதினான்காம் அறையில் ஹாரன் பூஜ்யம். தட்டு மறுக்கப்படவில்லை. யாரும் யாரையும் எப்போது வருவாள் என்று கேட்கவில்லை. அடுத்த சீராய்வுக் கூட்டத்தில் இயக்குநர் தம்பியின் காலி நாற்காலியைப் பார்த்துக் கண்கலங்கிப் பேசியதாகவும், பதினோரு பேரும் எழுந்து நின்று கைதட்டியதாகவும் ஆயாம்மா பிற்பாடு சொன்னாள்.

அன்று நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் பஸ் வந்து நின்றது. ஏறி மூன்று பேர் உட்காரும் இருக்கையில் இடம் பிடித்தார்கள். கண்டக்டர் வந்து, "எத்தனை?" என்றார்.

"ரெண்டு," என்றாள் அக்கா.

"மூணு, அக்கா," என்றான் தம்பி.

அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் அவளை ஒட்டிக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தான். வாத்தியாரின் பழுப்பு ஸ்வெட்டரைக் கழற்றித் தனக்கு அந்தப் பக்கம் இருந்த இடத்தில், ஒருவர் மடியில் வைப்பதுபோல, பத்திரமாக வைத்திருந்தான்.

அக்கா மூன்று டிக்கெட் வாங்கினாள். அடுத்த நிறுத்தத்திலேயே கூட்டம் நெருக்கியது. கம்பியில் தொங்கிக்கொண்டு வந்தவர்கள் இருபது பேருக்குக் குறையாது. கைக்குழந்தைக்காரிகள், மூட்டை வைத்திருந்தவர்கள், கால் வலிக்காரர்கள். அக்காவும் தம்பியும் இறங்கும்வரை, அந்த ஒரு இடத்தில் மட்டும் யாரும் உட்கார வரவில்லை.